தட்டிப் பார்த்தால் தெரியும்

ஜூன் 3

அண்ணி,

இந்த விலாசத்தை, தரை ஒட்ட நீங்கள் பசை வாங்கும் கடைக்காரரிடம் வாங்கினேன். அவரைத் திட்டாதீர்கள். "யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றுதான் முதலில் சொன்னார். நான் யாரோ இல்லை, நாத்தனார் என்றேன். "அதனாலதான் யோசிக்கிறேன்" என்றார். தரையைப் பற்றிச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தார்.

தரை எழும்புகிறது. நீங்கள் முழங்கால் தேய ஒட்டிய அதே மூங்கில் தரை. என் பயிற்சி அறையில், நடை பழகும் கம்பிகளுக்கும் பின்சுவருக்கும் நடுவே, இரண்டு பலகை சேரும் இடம் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. முதலில் ஒரு வரிசைதான். இப்போது மூன்று. வெயில் ஏறும் நேரத்தில் யாரோ விரலைச் சொடுக்கியது போல 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் நடந்துகொண்டிருப்பவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நடக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களை நிற்க வைக்கிற தரை. எனக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருவருக்குக் கால் நீட்டிவிடும்போதே கண் அந்தப் பக்கம் போகிறது.

நேற்று, என்னிடம் பயிற்சிக்கு வரும் பஸ் ஓட்டுநர் ஒருவர் அந்த மேட்டில் கால் கட்டைவிரல் தட்டி முன்னால் சாய்ந்தார். தொடை எலும்பு முறிந்து தகடு வைத்தவர். மறுபடி பஸ் ஓட்டலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பதற்காகத் தினமும் வந்து உயிரைக் கொடுத்து நடக்கிறார். கம்பி கைக்கு எட்டியது. எட்டியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அண்ணனிடம் சொன்னேன். "பேத்துப் போட்டுட்டு டைல்ஸ் ஒட்டிடலாம்" என்கிறார். டைல்ஸில் வாக்கர் வழுக்கும் என்றால் காதில் விழுவதில்லை.

நீங்கள் அண்ணனை விட்டுப் போனீர்கள். அது உங்கள் இருவர் விஷயம், நான் தலையிடவில்லை. ஆனால் என்னை எதற்கு விட்டுப் போனீர்கள்? போன அன்று காலையில்கூட என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தீர்கள். குடித்த டம்ளரைக் கழுவி வைத்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன் எண்ணாவது எழுதுங்கள்.

சின்னு

ஜூன் 11

சின்னு,

கடிதம் வந்தது. தரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டு. யாரும் அதன் மேல் கால் வைக்கக் கூடாது. எழும்பிய பலகையை அமுக்கப் பார்க்காதே, மேலே கனமாக எதையும் ஏற்றி வைக்காதே.

அடுத்து, ஒரு மரக்கரண்டியின் பிடியால் அறை முழுக்கத் தட்டிப் பார். ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் அடங்கி வரும். விட்டுப்போன இடத்தில் காலிப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வரை.

பிறகு சுவரோரப் பட்டையைக் கழற்று. பலகைக்கும் சுவருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடம் விட்டிருந்தேன். மூங்கில் ஈரத்தைக் குடித்தால் அகலமாகும், ஒதுங்க இடம் வேண்டும். அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று எழுது.

எனக்குக் காரணம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த அறைக்கு உன் அண்ணன் கான்க்ரீட் ஊற்றியபோது, பலகை ஒட்ட இன்னும் இரண்டு மாதம் பொறுக்கலாம் என்றேன். அவர் திறப்பு நாளை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "காஞ்சிடுச்சு. நான் பாக்காத கான்க்ரீட்டா?" என்றார். அதன் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, உள்ளே வேர்க்கிறதா என்று சோதித்தபோது ஒரு மூலை லேசாக மங்கியிருந்தது. அது என் கைவியர்வை என்றார். நானும் சரியென்று ஒட்டினேன். அடியில் பூட்டி வைத்த ஈரம் என்றைக்காவது மேலே வரத்தான் செய்யும்.

போன் எண் கேட்காதே. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம்.

அண்ணி

ஜூன் 17

அண்ணி,

தட்டினேன். பாதி அறை தட்டுவதற்குள் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. கணக்கு டீச்சர்தான் காப்பாற்றினார். பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் வருகிறவர், பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு நான் தட்டத் தட்ட 'ம்', 'ம்ஹும்' என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னபடி கோடு போட்டேன்.

விட்டுப்போன இடம் ஒரு பூட்ஸ் மாதிரி இருக்கிறது. பின்சுவரிலிருந்து நீளமாக வந்து கம்பிகளுக்குக் கீழே பாதமாக விரிகிறது. மற்ற இடமெல்லாம் கெட்டி. சுவரோரப் பட்டையை எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் நீங்கள் சொன்ன இடம் அப்படியே இருக்கிறது. பின்சுவரில் இல்லை. பலகை சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது, காகிதம்கூட நுழையவில்லை.

அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்று சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார்.

"என்ன இது, கொலை நடந்த இடம் மாதிரி வரைஞ்சு வெச்சிருக்க?"

"அண்ணி எழுதினாங்க. அவங்க சொல்லித்தான் வரைஞ்சேன்."

"என்னவாம்?"

"கான்க்ரீட் காயாம ஒட்டினதுதான் காரணம்னு நினைக்கிறாங்க."

"நான் ஊத்தினது எலும்பு மாதிரி காஞ்சிருந்துச்சு. பசையைப் போட்டுட்டுப் பலகை வைக்க லேட் பண்ணியிருப்பா. அதை எழுது."

எழுதிவிட்டேன். நான் வெறும் தபால் பெட்டி.

போகும்போது என் கையிலிருந்த உறையைப் பார்த்து, "இன்னும் அதே பேனாதான் வெச்சிருக்காளா?" என்று கேட்டார். விலாசம் இருந்த மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். அவர் விலாசத்தைப் பார்க்க முயலவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சிக்கு வருகிறவர்களைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மீதிப் பேரைத் தாழ்வாரத்தில் நடக்க விடுகிறேன். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாததால் என் தோள்தான் கம்பி. நாலு தெரு தள்ளி ஒரு பெரிய பயிற்சி மையம் திறந்திருக்கிறார்கள். இரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். போகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். எனக்கு வாய்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

சின்னு

ஜூன் 24

சின்னு,

கடைசி வரியைப் படித்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

டீச்சருக்கு நல்ல காது. பின்சுவரில் பலகை முட்டியிருக்கிறது என்றால் மூங்கில் அந்தப் பக்கம் மட்டும் ஊதியிருக்கிறது. இனி மேலே பார்த்துப் பயனில்லை. ஒரு பலகையை எடுத்தாக வேண்டும். பூட்ஸின் நடுவில், ஏற்கெனவே எழும்பியிருக்கும் பலகைக்கு அடியில் அகலமான உளியைக் கொடுத்து மெதுவாக நெம்பு. பஸ் ஓட்டுநர் உதவிக்கு வந்தால் அவரை மேலே நிற்க வைக்காதே. உட்கார்ந்து பிடித்துக்கொள்ளட்டும்.

எடுத்ததும் பசையைப் பார். பசையை நான் பல் வைத்த கொத்துக்கரண்டியால் பரப்புவேன், சீப்பு வாரியது போல வரி வரியாக இருக்கும். பலகை வைத்து அழுத்தும்போது அந்த வரிகள் நசுங்க வேண்டும்.

வரிகள் நசுங்காமல் நின்று, பலகையின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால், பசை மேலே காய்ந்த பிறகு பலகை வைத்திருக்கிறேன். உன் அண்ணன் சொல்வது சரி, தப்பு என்னுடையது.

பசையெல்லாம் பலகையோடு வந்து, அதில் சிமெண்ட் மாவாக ஒட்டியிருந்தால் கான்க்ரீட்டின் மேல்பரப்புக்குப் பலமில்லை. தப்பு அவருடையது.

பசை இளகியிருந்தால் ஈரம். அந்தக் காலி இடத்தில் சதுரமாகப் பிளாஸ்டிக் தாள் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டு. இன்னொன்று ஜன்னல் பக்க மூலையில், அங்கேயும் ஒரு துண்டுப் பலகையை எடுத்துவிட்டு ஒட்டு. இரண்டையும் மறுநாள் பார். அறை முழுக்க அடியில் ஈரம் என்றால் இரண்டும் வேர்க்கும். அப்போதும் தப்பு அவருடையதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது என்றால் நான் வந்து முழுத் தரையையும் என் கையால் மாற்றிக் கொடுப்பேன். அவருடையது என்றால் வரமாட்டேன். அவர் செய்ததை நான் போய்ச் சரிசெய்கிற வேலையை இனிமேல் வைத்துக்கொள்வதில்லை.

இங்கே ஒரு பெரிய கூட்ட அரங்குக்குத் தரை போடுகிறோம். ஆட்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்கிறார்கள். நேற்று ஒட்டிய இடத்தையே மூன்று முறை தட்டிப் பார்த்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து இப்படித்தான்.

அண்ணி

ஜூன் 30

அண்ணி,

பலகையை எடுத்துவிட்டோம். நீங்கள் எழுதியது போலவே இருந்தது. சீப்பு வாரியது போல வரி வரியாகப் பசை, வரிகள் நசுங்காமல் நின்றன. பலகையின் அடிப்பக்கம் சுத்தம். எனவே பசை மேலே காய்ந்த பிறகுதான் பலகை வைத்திருக்கிறீர்கள். அண்ணன் சொன்னது சரியாகப் போய்விட்டது. யாருக்கும் இது நடக்கும், வருத்தப்பட வேண்டாம்.

எப்போது வருகிறீர்கள்? என் வீட்டிலேயே தங்கலாம். அண்ணன் வீட்டுப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. மாடி அறையைச் சுத்தம் செய்துவிட்டேன்.

சின்னு

ஜூலை 7

சின்னு,

உனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

பசை காய்ந்த பிறகு வைத்த பலகை இரண்டு வருஷம் தாங்காது. போட்ட மாதமே துள்ளியிருக்கும். அதுவும் போகட்டும். நான் எழுதிய வார்த்தைகளையே திருப்பி எழுதியிருக்கிறாய். கண்ணால் பார்த்தவர்கள் தங்கள் வார்த்தையில் எழுதுவார்கள். பூட்ஸ் என்று எழுதினாயே, அது பார்த்தவள் எழுதியது. பிளாஸ்டிக் தாளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

உன் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் நம்பினேன். ஆட்களிடம் விடுப்புச் சொல்லிவிட்டு, துணியை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். பஸ் நிலையம் வரைக்கும் போனேன். டிக்கெட் வரிசையில் நின்றபோதுதான் மறுபடி எடுத்துப் படித்தேன். பிறகு நடந்தே திரும்பி வந்தேன்.

கோபமில்லை என்று எழுத மாட்டேன். கோபம் இருக்கிறது. உன் மேல் எவ்வளவு, தப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அடியில் என்ன இருந்தது?

அண்ணி

ஜூலை 12

அண்ணி,

உங்கள் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பலகையை நெம்பினேன். நெம்பும்போதே அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. உளியைக் கொடுத்ததும் பலகை தயங்காமல் கையோடு வந்தது. அடியில் பசை, வெயிலில் வைத்த வெல்லப்பாகு மாதிரி. பாதி பலகையில், பாதி தரையில், நடுவே நூல் நூலாக இழுத்துக்கொண்டு. வரியெல்லாம் நன்றாக நசுங்கியிருக்கிறது. நீங்கள் ஒழுங்காகத்தான் ஒட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து அழுகை வந்தது. பஸ் ஓட்டுநர் நான் கையில் உளியைக் குத்திக்கொண்டேன் என்று நினைத்துப் பதறிவிட்டார்.

இரண்டு இடத்திலும் தாள் ஒட்டினேன். மறுநாள் பூட்ஸுக்குள் இருந்த தாளுக்கு உள்ளே சோற்றுப் பானை மூடி மாதிரி முத்து முத்தாக நீர். ஜன்னல் மூலைத் தாளில் ஒன்றுமில்லை. அந்த மூலையில் பலகைத் துண்டை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூங்கில் கிழிந்து வந்ததே தவிரப் பசை விடவில்லை. அங்கே கான்க்ரீட் வெளிறிப்போய் உலர்ந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இரண்டு நாள் விட்டும் பார்த்தேன். பொட்டு ஈரமில்லை.

அப்படியென்றால் அண்ணன் தப்பும் இல்லை, இல்லையா? அறை முழுக்க இல்லையே. இதை எப்படி எழுதுவது என்று புரியாமல்தான் அப்படி எழுதித் தொலைத்தேன். உங்கள் தப்பும் இல்லை, அவர் தப்பும் இல்லை என்றால் நீங்கள் வருவதற்குக் காரணமே இல்லாமல் போகிறதே என்று பயந்தேன்.

இன்னொன்று. தாளை எடுத்தபின் கான்க்ரீட்டில் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. வெயில் விழாத இடம் அது. சட்டென்று ஞாபகம் வந்தது, டீச்சர் எப்போதும் கம்பிக்கு நடுவே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொள்வார். நகரச் சொன்னால் சிரிப்பார். உணர்ச்சி குறைந்த காலில் ஏதோ தெரிகிறது, நல்ல முன்னேற்றம் என்று நான் பெருமையாகக் குறித்து வைத்தேன். தரை சூடாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இது என்ன அண்ணி?

பஸ் நிலையம் வரைக்கும் போனீர்கள் என்று எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

சின்னு

ஜூலை 16

சின்னு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கிடைத்த உடனே கீசரை அணைத்துவிடு. வெந்நீர்க் குழாய் தரைக்கடியில் கசிகிறது. பின்சுவருக்கு அப்பால்தான் குளியலறை. அங்கிருந்து உன் அறையின் முன்பக்கம் கை கழுவும் தொட்டிக்கு வெந்நீர் எந்த வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியாது. உன் அண்ணனுக்குத் தெரியும். கேள்.

எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் முள் நகர்கிறதா என்று பார். நகர்ந்தால் பிளம்பரைக் கூப்பிடு. அதுவரை அந்த அறைக்குள் யாரையும் விடாதே. ஈரமான இடத்தில் மின்சாரக் கருவி எதுவும் வேண்டாம்.

கீசரின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்ததா? எழுது.

கம்பிகளைத் தரையில் எப்படி நிறுத்தியிருக்கிறாய்? நான் அங்கே இருந்தபோது உருட்டிச் செல்கிற கம்பிகள்தான் இருந்தன.

அண்ணி

ஜூலை 24

அண்ணி,

கம்பிகள்தான்.

புதுக் கம்பிகள் நீங்கள் போன பிறகு வந்தவை. அசையாமல் இருக்க வேண்டும் என்று கம்பெனி ஆள் தரையைத் துளைத்து போல்ட் போட்டார். "கீழ பைப் எதுவும் போகலையே மேடம்?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றேன். எனக்குத் தெரியாது என்பதுதான் சரியான பதில். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

மீட்டர் முள் நகர்ந்தது. கீசர் விளக்கும் மாதக்கணக்காக அணையவில்லை. கீசர்தான் பழுது என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன். அண்ணனுக்குப் போன் செய்து குழாய் எந்த வழி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. பிளம்பரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். தரையைப் பார்த்ததும் கையால் ஒரு கோடு காட்டினார். பூட்ஸின் மேல்பாதி அப்படியே அந்தக் கோட்டின் மேல் கிடந்தது. கம்பியின் நாலாவது காலுக்குக் கீழே உடைத்தார்கள். போல்ட்டின் முனை குழாயைக் குத்திக்கொண்டு நின்றது. அந்த போல்ட்டே இத்தனை நாளும் ஓட்டையை அடைத்தும் வைத்திருக்கிறது. அது துருப்பிடித்து அரிக்க அரிக்க நீர் கசிய ஆரம்பித்திருக்கிறது. போல்ட்டுகள் பலகையைத் தரையோடு பிடித்து வைத்திருந்ததால் ஊதிய மூங்கில் நகர வழியில்லாமல் மேலே எழும்பியது என்றார் பிளம்பர்.

அண்ணன் உடைத்த குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நானும் இல்ல, அவளும் இல்ல" என்றார்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் எதையோ பறிகொடுத்தவர் மாதிரி இருந்தது. பிறகு ஜன்னல் மூலையில் சுத்தியலால் தட்டி ஒரு துண்டு கான்க்ரீட்டை எடுத்தார். "இத அவளுக்கு அனுப்பு. எப்படிக் காஞ்சிருக்குன்னு பாக்கட்டும்" என்றார். தபால்காரர் என்ன பாவம் செய்தார்? நான் வாங்கவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார். சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது.

வெந்நீர்க் குழாயை இனி சுவர் மேலேயே கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். அறையைப் பூட்டிவிட்டேன். பஸ் ஓட்டுநர் தாழ்வாரத்தில் என் தோளைப் பிடித்து நடக்கிறார். தோள் வலிக்கிறது, அவர் நடை பரவாயில்லை.

இனி என்ன, அண்ணி?

சின்னு

ஆகஸ்ட் 4

சின்னு,

பூட்ஸைச் சுற்றி இரண்டு வரிசை தள்ளி வரைக்கும் பலகையை எடுத்துவிடு. ஜன்னலைத் திற, விசிறியைப் போடு. ஹீட்டர் வைத்துக் காய்ச்சாதே, அவசரப்பட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். வாரம் ஒருமுறை தாள் ஒட்டிப் பார். தொடர்ந்து மூன்று முறை துளி ஈரம் இல்லாமல் இருந்தால் எழுது. புதுப் பலகைகளை நான் அனுப்புகிறேன். பெட்டியைப் பிரித்து அதே அறையில் அடுக்கி வை, அந்த அறையின் காற்று அவற்றுக்குப் பழக வேண்டும். நான் வந்து ஒட்டுகிறேன்.

உன் அண்ணனிடம் ஒன்று சொல். அவர் கான்க்ரீட் காய்ந்துதான் இருந்தது. அந்த மூலையில் தெரிந்த மங்கல் என் கைவியர்வையாகத்தான் இருந்திருக்கும். இதை நான் சொன்னதாக அப்படியே சொல். கூட ஒரு வார்த்தையும் சேர்க்காதே.

சொல்லிவிட்டேன் என்பதற்காகத் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கும் அவரைப் போலத்தான் இருந்தது, எதையோ பறிகொடுத்த மாதிரி. ஈரக் கான்க்ரீட் மேல் ஒட்டச் சொன்னார் என்றால் கேட்கிற யாருக்கும் புரியும். என் தொழிலிலேயே என் பேச்சை மதிக்கவில்லை என்றால் தலையாட்டுவார்கள். நானே எனக்குப் பல முறை சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம் அவ்வளவு உருப்படியாக இல்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எனக்காகப் பதில் சொல்லிவிடுவார். கடையில், மருத்துவரிடம், உங்கள் வீட்டில். "அவளுக்கு இது போதும்." "அவ வரமாட்டா, அவளுக்குத் தலைவலி." அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அது போதும், எனக்குத் தலைவலிதான். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. ஒரு நாள் இந்த அரங்குக்காரர் வந்து, இங்கே வேலைக்கு வர முடியுமா என்று என்னைக் கேட்டார். "அவ்வளவு தூரம் அவளால முடியாது சார்" என்றார் உன் அண்ணன். அன்பாகத்தான் சொன்னார். நான் உள்ளே போய்ப் பையை எடுத்தேன்.

அன்று காலை உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். நீ ஒருவருக்குத் தோள்பட்டை வலிக்குப் பயிற்சி சொல்லிக்கொண்டே எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாய். "என்ன அண்ணி, அண்ணன் மறுபடி ஏதாவது சொன்னாரா? அவர் அப்படித்தான், விடுங்க" என்றாய். கேள்வியும் நீயே, பதிலும் நீயே. நீ அவருடைய தங்கைதான் என்று நினைத்துக்கொண்டு டம்ளரைக் கழுவினேன்.

அண்ணி

அக்டோபர் 20

அண்ணி,

நீங்கள் போய் ஒரு வாரம் ஆகிறது. தரை அமைதியாக இருக்கிறது. வெயில் ஏறும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. பழைய பலகைக்கும் புதுப் பலகைக்கும் நிறம்தான் சேரவில்லை. கேட்கிறவர்களிடம் அது தெரிந்தே செய்தது என்கிறேன். கம்பிகளைக் கனமான இரும்புத் தகட்டின் மேல் நிறுத்திவிட்டார்கள், துளை கிடையாது. பஸ் ஓட்டுநருக்கு மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல் நாள் பஸ்ஸை என் வாசல் வழியாகவே கொண்டுவந்து ஒரு ஹாரன் அடித்தார். அது அவருடைய வழித்தடமே இல்லை.

நீங்கள் இங்கே இருந்த நாட்களில் நான் அதிகம் பேசவில்லை, கவனித்தீர்களா? ஆகஸ்ட் மாதக் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அந்தத் தேநீரை மறந்தே போயிருந்தேன். அதனால் நீங்கள் பசை பரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்ப்பது என்று முடிவு செய்தேன். எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

கடைசி நாள் அண்ணன் வந்தபோது நான் எல்லோரையும் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்தியது நான்தான், ஒட்டுக்கேட்கக் கூடாது என்று. டீச்சரை மூன்று சுற்று நடக்க வைத்தேன், பாவம். வெளியே வந்து நீங்கள் கையைக் கழுவினீர்கள். என்னைக் கட்டிக்கொண்டீர்கள். போய்விட்டீர்கள். அண்ணன் உள்ளேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் வருகிறார், பேசாமல் இருந்துவிட்டுப் போகிறார். முந்தாநாள் கணக்கு டீச்சர் ஒரு வார்த்தைக்காகத் திணறிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுக்காமல், அவராகச் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கே பொறுமை போய்விட்டது.

உங்கள் வக்கீலிடமிருந்து விவாகரத்துக் காகிதம் வந்திருக்கிறதாம். கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னார்.

உங்களுக்கும் அவருக்கும் அந்த அறையில் என்ன பேச்சு நடந்தது? சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம். இன்னொன்றையாவது சொல்லுங்கள். கையெழுத்து ஆன பிறகு உங்களை நான் என்னவென்று கூப்பிடுவது?

சின்னு

அக்டோபர் 29

சின்னு,

சொல்கிறேன்.

அவர் உள்ளே வந்து நான் ஒட்டி முடித்த இடத்தை மிதிக்காமல் ஓரமாக நின்றார். "எதுக்குப் போன?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். வழக்கமாக அடுத்த மூச்சிலேயே பதிலும் அவரிடமிருந்து வந்துவிடும். வரவில்லை. கையில் பசை காய்ந்துகொண்டிருந்தது, அதை உரித்துக்கொண்டே நின்றேன். வெளியே நீ டீச்சரை நடக்க வைக்கும் சத்தம் கேட்டது. அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சொன்னேன். உனக்கு எழுதியதைத்தான் சொன்னேன், அதைவிடக் கொஞ்சம் மோசமாக, கோவையில்லாமல். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்ல விட்டிருக்கலாமே" என்றேன். "ஆமா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சொல்லாமல் இருந்தவரைக்கும் எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. என்றைக்காவது அவரிடம் முழுதாகச் சொல்ல முடிந்தால், அவரும் முழுதாகக் கேட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று. சொன்னேன். கேட்டார். நல்லபடியாகவே கேட்டார். அதற்குப் பிறகும் எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அது எனக்கே ஆச்சரியம். அதனால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் ஏறியதும் அழுதேன். எதிரில் இருந்த அம்மாள் ஒருவர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. முழுப் பழத்தையும் சாப்பிட்டேன்.

அவரைப் பார்த்துக்கொள். நீ பார்த்துக்கொள்வாய். மாறுகிறார் என்று நீ எழுதியதைப் படித்தேன். நல்லது. அது எனக்காக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

என்னை அண்ணி என்றே கூப்பிடு. வேறு பெயரில் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறாய் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அரங்கு வேலை முடியப் போகிறது. அடுத்தது ஒரு பள்ளிக்கூடம், இதே ஊரில்தான். அதனால் வேலைத்தளக் கொட்டகையை விட்டு ஒரு அறை எடுத்திருக்கிறேன். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மாடிப்படிக்கு வெளிச்சம் போதாது, பார்த்து ஏற வேண்டும். ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது. தரை வெறும் சிமெண்ட் தரை, ஒரு இடத்தில் விரிசல்கூட இருக்கிறது. வீட்டுக்காரர் என் தொழிலைக் கேட்டுவிட்டு, "நீங்களே நல்லதா ஏதாவது ஒட்டிக்கலாமே?" என்றார். வேண்டாம் என்றேன். வாடகைக்கு வந்த அன்றே அதைப் பெருக்கித் துடைத்துவிட்டு அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

எப்போது வருகிறாய்?

அண்ணி